சோழவரத்துக் கார்களும் பதிப்பிக்கப்படாத ஏடுகளும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள், அதே வீதியில் இன்னொரு தேரோட்டம் நடக்கும். அட்டைப்பெட்டி, தென்னங்குச்சி, சோடா மூடிச் சக்கரம், நூல்கயிறு ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டிய தேர் அது. யாரும் அதில் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும் வடம் பிடிப்பதற்குச் சண்டை நடக்கும். முட்டுக்கட்டை போடுவதற்கென்றே ஒருவன் கூடவே ஓடிவருவான்.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் குறுந்தொகையின் 61ஆம் பாடல் என் நினைவுக்கு வரும். தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்து தந்த சிறு தேரில் ஏறிச் சென்று மகிழ இயலாவிடினும், அதைக் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அதுபோலத் தலைவனைக் கூடி மகிழாவிடினும் அவனுடைய நட்பை எண்ணியே நாங்கள் மகிழ்ந்திருந்தோம் என்கிறாள் தோழி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்தச் சிறுதேரை இரண்டு இடங்களில் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுச் சிறுவர் செய்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் பாலருந்தி உறங்குகின்றனர். பட்டினப்பாலையில் கோழியை விரட்ட எறிந்த காதணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. நம் ஊர்த் தச்சர்கள் இன்றும் செய்து தரும் நடைவண்டி அந்த மூன்று சக்கரத் தேரின் வழித்தோன்றல் என்றே எனக்குத் தோன்றும். பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண்பாற் பிள்ளைக்குரிய பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேரை வைத்துவிட்டன.

ஏறி ஓட்ட முடியாத வாகனத்தின்மேல் கொள்ளும் இந்த விருப்பம் பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. பழைய பந்தயக் கார்களின் மாதிரிகளைச் சேர்ப்போரும் செய்வோரும் உலகெங்கும் இருக்கின்றனர். நானும் அவர்களுள் ஒருவன். தமிழாசிரியனுக்கு இது என்ன வேலை என்று கல்லூரியில் கேட்பவர்களுக்கு இக்கட்டுரையே என் விடை. நான் செய்வதும் ஒருவகைப் பதிப்பு வேலைதான்.

முதலில் சிறிது வரலாறு. மாதிரிக் கார்களில் பரவலான அளவு 1/43. இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது? ரயில் பொம்மையிலிருந்து. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி நடத்திய மெக்கானோ நிறுவனம், தன் ரயில் பொம்மைகளின் பக்கத்தில் நிறுத்திவைப்பதற்காகச் சிறு வண்டிகளை வார்த்தது. அந்த ரயில்களில் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்பது கணக்கு; அதிலிருந்து பிறந்ததே ஏறத்தாழ நாற்பத்து மூன்றில் ஒன்று. 1934இல் அவ்வண்டிகளுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பந்தயக் கார்கள் தொடக்கத்திலேயே அவ்வரிசையில் இடம்பெற்றன. 1960களில் டிங்கியின் அச்சுகளுள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் இந்தியப் பிள்ளைகளின் கைக்குக் கிடைத்தன.

போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பலவும் இன்று தொட்டால் உதிரும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகிவிடும். ஏட்டுக்குச் செல் போல, பொம்மைக்கு இந்நோய்.

அடுத்த பெரிய மாற்றம் ஜப்பானில் நிகழ்ந்தது. ஷிசுவோகா நகரின் தமியா நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஹோண்டாவின் பார்முலா ஒன் காரை 1/12 அளவில், பிளாஸ்டிக் பாகங்களாக, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும்படி வெளியிட்டது. 1970களில் போர்ஷே ஒன்றின் மாதிரியைச் செய்யும்போது, அளவு சரியாக வரவேண்டும் என்பதற்காக உண்மையான போர்ஷே காரையே வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள். பொம்மைக்காக இவ்வளவா என்று நமக்குத் தோன்றும். மூல ஏட்டைக் கண்ணால் பாராமல் பதிப்பிக்கமாட்டேன் என்று ஊர் ஊராக அலைந்தவர்களின் மரபில் வந்த நாம் அப்படிக் கேட்கலாகாது.

பந்தயக் கார் என்பது ஒரே பொருளன்று. இவ்வாரப் பந்தயத்தில் ஓடிய வடிவில் அது அடுத்த வாரம் ஓடாது. இறக்கை மாறும், மூக்கு மாறும், எண் மாறும், ஓட்டுநர் மாறுவார். பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் நிற்கும் கார், பல காலத்துப் பாகங்கள் கலந்த ஒன்றாக இருக்கக்கூடும். ஆகவே மாதிரி செய்பவர் 'எந்தக் கார்' என்பதோடு நிற்பதில்லை; 'எந்த ஊரில், எந்த நாளில் ஓடிய கார்' என்று கேட்கிறார். புகைப்படங்களை ஒப்பிட்டுப் பாடம் தேர்கிறார். இங்கே இடைச்செருகலும் உண்டு, நீக்கமும் உண்டு. லோட்டஸ் அணி 1968 முதல் சிகரெட் நிறுவனங்களின் நிறத்திலும் பெயரிலும் ஓடியது. புகையிலை விளம்பரத் தடைகளுக்குப் பிறகு வந்த மாதிரிகளில் அப்பெயர்கள் பெரும்பாலும் இரா. தடை நல்லதே. ஆனால் வரலாறு வேண்டுவோர் அவ்வெழுத்துகளைத் தனியே வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். நீக்கப்பட்ட அடியை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் செயலும் இதுவே.

மூலமே அழிந்துபோன இடங்களில் இவ்வேலையின் மதிப்பு முழுதாகத் தெரியும். 1930களில் ஐரோப்பாவைக் கலக்கிய ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களை, போர் முடிந்ததும் சோவியத் படையினர் எடுத்துச் சென்றனர். தப்பியவை மிகச் சில. மெர்சிடிஸ் நிறுவனம் 1950களில் தன் பந்தயக் கார்களைச் சுமந்து செல்வதற்கென்றே கட்டிய நீல நிற வண்டி, மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 1967இல் அதை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். பின்னர் மனம் மாறி, புகைப்படங்களையும் எஞ்சிய குறிப்புகளையும் கொண்டு அதே வண்டியை முழு அளவில் மீண்டும் கட்டி 2001இல் முடித்தார்கள். படம் இருந்தது, கட்ட முடிந்தது. படமும் இல்லாத வண்டியை என்ன செய்வது?

இக்கேள்வி என்னைச் சோழவரத்துக்கு அழைத்துச் செல்கிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் திறக்கப்படும் காலம்வரை தென்னாட்டின் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்னும் பார்முலா ஒன் காரையே அங்கு ஓட்டினார். ஆனால் சோழவரத்தின் உயிர் வெளிநாட்டுக் கார்களில் இல்லை. இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த நாளில், வீதியில் ஓடிய அம்பாசிடரையும் பியட்டையும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டையும் கொட்டகைகளில் பிரித்து, எடை குறைத்து, எஞ்சினைக் குடைந்து பந்தயத்துக்கு ஏற்றியவர்களிடம் இருந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் அம்மரபின் உச்சம். மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, இளைஞர்கள் பழகுவதற்கு வழி செய்தவர். 1995இல் விமான விபத்தில் காலமானார். அந்த பார்முலா மாருதியில் பழகிய கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய மஞ்சள் ஜோர்டானை மினிசாம்ப்ஸ் என்னும் ஜெர்மன் நிறுவனம் 1/43 அளவில் வெளியிட்டது.

அவரை உருவாக்கிய மரபின் கார்களுக்கோ, நான் தேடிய பட்டியல்கள் எவற்றிலும் மாதிரி இல்லை. பேரனின் கவிதை அச்சேறிவிட்டது; பாட்டனின் ஏடு பரணில் கிடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், சோழவரத்து ஹெரால்டு ஒன்றை 1/24 அளவில் செய்யத் துணிந்தேன். ஹெரால்டின் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 2324 மில்லிமீட்டர். மாதிரியில் அது 97 மில்லிமீட்டர் ஆகும். அந்த ஓர் அளவு உறுதியாகத் தெரிந்தால், பக்கவாட்டுப் படத்திலிருந்து மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம். ஆங்கிலேய ஹெரால்டின் படங்களை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, நான்கு மாதத்தில் முடித்தேன். பிறகு, 1970களின் தொடக்கத்தில் சோழவரத்துக்கு ஓர் அணியின் உதவியாளாகச் சென்றுவந்த முதிய மெக்கானிக் ஒருவர் கடலூரில் இருப்பதாக அறிந்து, மாதிரியை எடுத்துக்கொண்டு போனேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் சார் பண்ணியிருக்கீங்க. ஆனா நாங்க எடுத்துட்டுப் போனது நாலு கதவு வண்டி" என்றார்.

எனக்கு உறைத்தது. ஆங்கிலேய ஹெரால்டு இரண்டு கதவுக் கார். சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டும் முதலில் அப்படித்தான் வந்தது. 1960களின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வடிவம் ஒன்றைச் செய்தார்கள். நான் வேற்றூர் ஏட்டை வைத்துக்கொண்டு நம்மூர்ப் பாடத்தைப் பதிப்பித்திருந்தேன்.

"ஐயா, படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருந்துது சார். தானே புயல்ல ஓட்டுக்கூரை போச்சு. ஆல்பம் முழுக்க நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா மூஞ்சியே வரல."

2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய அப்புயலில் முந்திரியும் பலாவும் வீழ்ந்த கணக்கு அரசிடம் இருக்கும். இந்த ஆல்பம் எந்தக் கணக்கிலும் வராது. அன்று மாலைவரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முன் பின் பம்பர்களைக் கழற்றியது; பின் இருக்கையை எடுத்துவிட்டது; உடைந்தால் சில்லு தளத்தில் சிதறாதிருக்க முகப்பு விளக்குக் கண்ணாடியில் பெருக்கல் குறி போல நாடா ஒட்டியது; கதவில் எண்ணைக் கையாலேயே எழுதியது. எண்ணின் வளைவை மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார். விரலுக்கு நினைவு இருந்தது.

இரண்டாவது ஹெரால்டை அவர் சொல்படி செய்தேன். நான்கு கதவு, நாடா ஒட்டிய விளக்கு, கையெழுத்து எண். ஒரே ஒருவரின் நினைவை ஆதாரமாகக் கொண்ட பதிப்பு அது. இன்னொரு படம் கிடைத்தால் திருத்த வேண்டியிருக்கலாம். இல்லாததைவிட அது மேல்.

இதைப் படிக்கும் நண்பர்களின் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ சோழவரத்தில் எடுத்த பழைய படங்கள் இருக்கக்கூடும். ஓரத்தில் மங்கலாக ஒரு கார் தெரிந்தாலும் போதும். அதை ஒளிநகல் எடுத்து, பின்புறம் ஆண்டையும் ஓட்டியவர் பெயரையும் தெரிந்தவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஹெரால்டைக் கடலூருக்கு எடுத்துச் சென்று அவர் கையில் வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை. மேசைமேல் வைத்து, ஒரு விரலால் முன்னும் பின்னுமாக மெல்ல உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.