மூவி மேக்கர்: ஒரு சின்ன வரலாறு

இன்று கைப்பேசியிலேயே வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம். இந்த வித்தை வீட்டுக் கணினிக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போமா?

1989-ல் ஆவிட், 1991-ல் அடோபி பிரீமியர் என்று கணினியில் படத்தொகுப்பு முன்பே வந்துவிட்டது. ஆனால் அதெல்லாம் தொழில்காரர்கள் சமாச்சாரம். நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது ஆப்பிள். 1999 அக்டோபரில் ஐமேக் டிவி கணினியோடு ஐமூவியைச் சும்மாவே கொடுத்தார்கள். கேமராவுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு ஃபயர்வயர் கேபிள், அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? 2000 செப்டம்பரில் விண்டோஸ் மீ-யோடு மூவி மேக்கர் வந்தது. விண்டோஸ் மீ எடுத்த பேர் நமக்குத் தெரியும் :-) ஆனாலும் மூவி மேக்கர் பிழைத்து எக்ஸ்பிக்குள் குடியேறியது. எஃபெக்ட், டைட்டில் எல்லாம் 2002 கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தன. கேசட்டில் இருக்கும் டிவி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். அன்றைய வட்டில் அதற்கு இடம் ஏது? அதைச் சுருக்கி டபிள்யூஎம்வி ஆக்கித் தந்ததுதான் மூவி மேக்கரின் பெரிய உபகாரம். 2005-ல் யூடியூப் வந்ததும் இதற்கு நல்ல ஜோடி கிடைத்தது.

புனேயில் அறை நண்பர்களோடு நான் இதில்தான் தீபாவளி வாழ்த்துப் படம் செய்து, சிடியில் ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். ஊருக்கு டிக்கெட் கிடைக்காத வருடம் அது.

பிறகு இறங்குமுகம். 2009-ல் விண்டோஸ் 7 மூவி மேக்கர் இல்லாமல் வந்தது; தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2017 ஜனவரி 10-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் மைக்ரோசாஃப்ட் கிளிப்சாம்பை வாங்கியது. இப்போது விண்டோஸ் 11-ல் இருப்பது அதுதான்.

இதில் நமக்கு என்ன? பழைய வட்டில் எம்எஸ்டபிள்யூஎம்எம் என்று முடியும் கோப்புகள் கிடந்தால் கவனியுங்கள். அதற்குள் படம் கிடையாது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியது என்ற குறிப்பு மட்டுமே. மூலப் படம் போனால் கோப்பு வெறும் கூடு. கிளிப்சாம்ப் அதைத் திறக்கவும் திறக்காது. இன்று இல்லாதவர்களின் குரலும் சிரிப்பும் இருப்பது மூலப் படத்திலும் அந்த டபிள்யூஎம்வியிலும்தான். அவற்றைத் தேடி எடுத்து எம்பி4 ஆக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.