இலண்டன் முதல் சிங்கை வரை: ஒரு நிலவழிப் பயணம்

1956 மார்ச் 6 ஆம் நாள், 'ஆக்ஸ்ஃபோர்டு', 'கேம்பிரிட்ஜ்' எனப் பெயரிட்ட இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவ்விரு பல்கலைக்கழகங்களின் மாணவர் அறுவர், 1955 செப்டம்பர் 1 அன்று அவற்றில் இலண்டனிலிருந்து புறப்பட்டிருந்தனர்.

கரடுமுரடான வழிகளுக்கு ஏற்ப வண்டிகளை மாற்றியமைத்தனர். கூரைமேல் சுமைதாங்கி, கூடுதல் எரிபொருள் தொட்டி, சேற்றில் சிக்கினால் இழுத்தெடுக்க வின்ச் ஆகியவற்றைப் பொருத்தினர். வழி வகுப்பவர், பழுது நீக்குபவர், படம் பிடிப்பவர் எனப் பொறுப்புகளையும் பகிர்ந்துகொண்டனர்.

அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் பாதையே பெருஞ்சோதனை. இரண்டாம் உலகப் போரின்போது, சீனாவுக்குப் பொருள் அனுப்புவதற்காக 1942 முதல் 1945 வரை அமைக்கப்பட்ட சாலை அது. பத்தாண்டுகளில் காடு அதனை மூடத் தொடங்கியிருந்தது. பாலம் அழிந்த ஆறுகளில் வண்டிகளை இறக்கியே கடந்தனர்.

அச்சாலையை அமைத்தோருள் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களும் இருந்தனர். பயணிகளின் பெயர்கள் டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய நூலில் நிலைத்துவிட்டன. தொழிலாளர்களின் பெயர்களை அறிந்தோர் எத்தனை பேர்?

2019 இல் 'ஆக்ஸ்ஃபோர்டு' வண்டி சிங்கப்பூரிலிருந்து நிலவழியாகவே இலண்டன் திரும்பியது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வண்டி ஓட்டியவர்களோடு வழி சமைத்தவர்களையும் சேர்த்தே சொல்வோம்.