சென்னையின்... என்ன? 2018-19 பருவத்தின் கணக்கு

ஆட்டம் 18. வெற்றி 2. சமன் 3. தோல்வி 13. புள்ளிகள் 9. பத்து அணிகளில் பத்தாவது இடம்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதிய கை இது. எதையும் முதலில் எண்ணாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். இந்த எண்களை மட்டும் எத்தனை தடவை எழுதினாலும் ஆறவில்லை. ஏனென்றால் இதற்கு முந்தின பருவத்தில் இதே சென்னையின் எஃப்.சி. இதே 18 ஆட்டத்தில் எடுத்தது 32 புள்ளி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் ரசிகர்கள் முன்னாலேயே 3-2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கி வந்தார்கள். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அதற்குப் பதில் சொன்னவர் மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில்காரர். தடுப்பாட்டக்காரர். முதல் பாதி முடிவதற்குள் தலையால் முட்டி இரண்டு கோல். மூன்றாவது ரஃபேல் அகுஸ்டோ. அந்தக் கிண்ணத்தின் பளபளப்பு மங்குவதற்குள் அடுத்த வருஷம் கடைசி இடம்.

இந்த அணியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சென்னையின்’ என்பது ஆறாம் வேற்றுமை. சென்னையின் கடற்கரை, சென்னையின் வெயில் என்று பின்னால் ஒரு சொல் வந்தாக வேண்டும். 2014-இல் அணி தொடங்கியபோது இந்தப் பெயரைக் கேட்டு, “சென்னையின் என்ன?” என்று என் மனைவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு பதில் வந்துகொண்டிருக்கிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் சிறுவன். எங்களுக்குப் பந்து என்றால் ‘பாலோன்’தான். கிரிக்கெட் எல்லாம் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த பிறகு அறிமுகமானது. வகுப்பில் ஒரு வாத்தியார் இருந்தார். பாடம் முடிய ஐந்து நிமிஷம் மிச்சமிருந்தால் ரேம்ஸ் அணியின் கதையை ஆரம்பித்துவிடுவார். 1958 உலகக் கோப்பையில் 13 கோல் அடித்த ஜுஸ்த் ஃபொந்தேன் அந்த அணிக்காரர். ஒரே உலகக் கோப்பையில் அத்தனை கோல் இன்றுவரை வேறு யாரும் அடிக்கவில்லை. ரேம்ஸ் 1956, 1959 இரண்டு தடவையும் ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை போய் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. 1962-இல் பிரான்சின் சாம்பியன். 1964-இல்? கடைசி வரிசைக்குப் போய், இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி இதைவிட வேகம்: 1937-இல் பட்டம், 1938-இல் பதவியிறக்கம். ஆகவே முதலிடத்திலிருந்து கடைசிக்கு விழுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆட்டம் நடப்பது பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். பீர்க்கன்கரணையிலிருந்து போகிற எனக்கு, பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி ஒரு நடை. அந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. முன்பு அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அங்கேதான். பிறகு மைதானம் புதுப்பிக்கப்பட்டு 1993-இல் நேரு கோப்பைக் கால்பந்து, 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி எல்லாம் அங்கே நடந்தன. இப்போது ‘மெரினா அரீனா’ என்கிறார்கள். மெரினா எங்கே, பெரியமேடு எங்கே என்று கேட்கக் கூடாது.

2018 செப்டம்பர் கடைசியில் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டமே பெங்களூரில், 0-1. சரி, பழிவாங்கிவிட்டார்கள் என்று விட்டோம். அடுத்து சென்னையில் கோவா அணியிடம் 1-3. மூன்றாவது நார்த்ஈஸ்ட் யுனைடெட். அந்த ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். முதல் பாதியிலேயே சென்னை 3-1 முன்னணி. பி ஸ்டாண்டில் பையன்கள் கத்திய கத்தில் என் காது கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆட்டத்தில் ஓக்பெச்சே என்ற நைஜீரியர் மட்டும் மூன்று கோல் போட்டார். 3-4. கருவியைத் திரும்ப மாட்டிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை, அவ்வளவு அமைதி. முதல் வெற்றி நவம்பரில், அதுவும் புனேயில், 4-2. அப்புறம் மூன்று மாதம் வெற்றியே கிடையாது.

காரணம் என்ன? தொலைக்காட்சியில் எல்லோரும் பயிற்சியாளர் ஜான் கிரிகரியைச் சொன்னார்கள். ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். கிண்ணம் வாங்கிக் கொடுத்தபோது அவர் மேதை, தோற்றபோது கிழவர். என்னைவிடச் சின்னவரைக் கிழவர் என்று சொன்னது எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

நான் வேறு மூன்றைச் சொல்வேன். முதலாவது, போர்த்துக்கீசியர் ஹென்றிக் செரேனோ போனது. கிண்ணம் வென்ற அணியின் தலைவர் அவர். மைல்சன் பக்கத்தில் அவர் நிற்கும்போது பின்வரிசை ஒரு சுவர். அவர் போனதும் அதே மைல்சன் ஒற்றைத் தூண். இரண்டாவது, தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். ஸ்டேடியத்துக்கு வெளியே தெருவில் பந்து உதைத்து வளர்ந்து உள்ளே வந்தவர். கோவாவுடன் 2018 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் 3-0 என்று வென்றோமே, அதில் ஒரு கோல் அவருடையது. முழங்கால் காயத்தில் அடுத்த பருவத்தை இழந்தார். நடுக்களத்தில் எதிராளியின் பந்தைப் பறித்துக் கொடுக்கிற ஆள் இல்லாமல் போனது. மூன்றாவது, ஜெஜே. கிண்ணம் வென்ற பருவத்தில் 9 கோல் போட்ட மிஜோரம் வீரர், அடுத்த பருவத்தின் லீக் ஆட்டங்களில் போட்டது ஒன்றே ஒன்று. கோல் போடுகிறவனுக்கு இப்படி ஒரு வறட்சி வந்தால் அதற்கு மருந்து கிடையாது. மழை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஒரு மழை 2019 பிப்ரவரி 9-ஆம் தேதி பெய்தது. சென்னையில் பெங்களூரு அணியை 2-1 என்று வென்றோம். அந்த வருஷம் சாம்பியன் ஆகப்போகிற அணியைக் கடைசியில் கிடக்கிற அணி வென்றது. சொந்த ஊர் ஒன்பது ஆட்டத்தில் ஒரே வெற்றி அதுதான். சரி, எழுந்துவிட்டார்கள் என்று நினைத்தோம். அடுத்த வாரமே கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3. அவர்கள் ஒன்றும் பெரிய அணி இல்லை, ஒன்பதாவதாக முடித்தவர்கள். ஒன்பதாவதிடம் பத்தாவது வாங்கிய அடி.

எங்களை இவ்வளவு நாள் நம்ப வைத்தது 2015-தான் என்பது என் கட்சி. அந்தப் பருவத்தின் நடுவில் சென்னை அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு டிசம்பர் வெள்ளம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு ஓடியது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் மின்சாரம் வர நாலு நாள் ஆயிற்று. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். 87-ஆவது நிமிஷத்தில் கோவா 2-1 முன்னணி. 90-இல் அவர்கள் கோல்கீப்பர் கைபட்டே பந்து உள்ளே போக, அடுத்த இரண்டு நிமிஷத்தில் மென்டோசா வெற்றிக் கோலைப் போட்டார். ஈரம் காயாத வீட்டில், கடன் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியில் அதைப் பார்த்தவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். அதைப் பார்த்துவிட்டவனுக்கு எந்தத் தோல்வியும் முடிந்த தோல்வியாகத் தெரியாது. 2018 நவம்பரிலும் ‘2015-இல் இப்படித்தான்’ என்றோம். டிசம்பரிலும் அதையே சொன்னோம். பொங்கல் முடிந்த பிறகு சொல்வதை நிறுத்தினோம்.

மேலே சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். ரேம்ஸும் மான்செஸ்டர் சிட்டியும் கடைசிக்குப் போனபோது பதவியிறக்கம் உண்டு. விழுந்தால் கீழ்ப் பிரிவு. வருமானம் போகும், வீரர்கள் போவார்கள், ஊருக்கே வெட்கம். நம் சூப்பர் லீகில் அப்போது அது கிடையாது. கடைசியாக வந்தாலும் அடுத்த வருஷம் அதே இடம், அதே மேடை, அதே விளம்பரம். ஆகவே ஜனவரிக்குப் பிறகு ஆடிய ஆட்டங்களில் பந்து இருந்தது, பயம் இல்லை. அலுவலகத்தில் ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கிறவர் கோப்பு பார்ப்பதைப் போல ஆடினார்கள். இதை நான் வீரர்கள்மேல் சொல்லும் குற்றமாகச் சொல்லவில்லை, ஏற்பாடு அப்படி.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று அதே பருவத்தில் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. என்று இன்னொரு அணி. பெயர் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். (தமிழ்நாட்டில் பந்து ஆட வேண்டுமானால் நேருவின் தயவு வேண்டும்போல.) சூப்பர் லீகின் வெளிச்சம் விழாத ஐ லீகில் இருந்த அணி. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல். எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று நம் பையன்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டது. இன்னொரு பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றால், இங்கே வெற்றி தவிர வேறு எதுவும் போதாது. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. தேசிய அளவிலான லீகைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை.

ஆக அந்த வருஷம் நாட்டின் இரண்டு லீகிலும் சென்னை என்ற பெயர் இருந்தது. ஒன்றில் முதலில், ஒன்றில் கடைசியில். முதலில் வந்தவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை, கடைசியில் வந்தவர்களுக்குப் பதவி இறக்கம் இல்லை. முப்பத்தைந்து வருஷச் சேவையில் இப்படி ஓர் அரசாணையை நான் பார்த்ததில்லை.

சென்னையின் எஃப்.சி. அந்தப் பருவத்தோடு அடங்கிவிடவில்லை. 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பையின் இறுதிவரை போய் கோவாவிடம் 1-2 என்று தோற்றார்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பையில் கொழும்பு அணியுடன் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடினார்கள். பெருங்களத்தூரிலிருந்து அதற்கு மின்சார ரயில் இல்லை. அடுத்த பருவத்தில் மறுபடி மோசமான தொடக்கம், கிரிகரி விலகினார், ஓவன் கோயில் வந்தார், அணி இறுதியாட்டத்துக்கே போய்விட்டது! 2020 மார்ச் 14, கொரோனாவால் காலி நாற்காலிகள் முன்னால் 1-3 தோல்வி. அதற்குப் பிறகு எட்டு, எட்டு, எட்டு, ஆறு. 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்று.

சென்னை சிட்டி 2021-க்குப் பிறகு ஐ லீக் பட்டியலில் இல்லை. கோயம்புத்தூரில் அன்று பந்தை உதைத்த ரோமாரியோவையும் எட்வினையும் பின்னால் சூப்பர் லீக் அணிகளின் சட்டையில் பார்த்தேன். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கே வந்தார். முதல் தடவை அவர் நீலச் சட்டையில் இறங்கியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனிடம், “இவன் சாம்பியன்டா” என்றேன். “எப்போ தாத்தா?” என்றான். நாம் கடைசியாக வந்தோமே, அந்த வருஷம் என்றேன்.