பழைய சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுதல்: ஒன்ராறியோவில் அறிந்திருக்க வேண்டியவை

கோடை வந்தால் ஸ்கார்பரோவில் நாங்கள் ஒரு சிறு போட்டி வைப்போம். நாங்கள் என்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துவிட்டு இங்கே அகதிகளாக வந்து கணக்கெழுதிப் பிழைக்கும், ஐம்பதைக் கடந்த சில நண்பர்கள். ஆளுக்கொரு பழைய சைக்கிளை எடுத்து, கராஜில் வைத்து மோட்டர் பூட்டி, ஒரு முழுச் சார்ஜில் யாருடையது அதிக தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் போட்டி. பரிசு கொத்துரொட்டி. எங்களில் ஒருவரும் பொறியியலாளர் இல்லை. எப்படிச் செய்வது என்று பலர் கேட்பதால், பட்டறிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் சட்டம். ஒருமுறை எங்கள் போட்டிக்கு ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி தன் சைக்கிளைக் கொண்டுவந்தார். இணையத்தில் வாங்கிய இரண்டு வீச்சுப் பெற்றோல் இயந்திரத்தை அழகாகவே பூட்டியிருந்தார். அதிலேயே இரவில் உணவு விநியோக வேலையும் செய்கிறார் என்று தெரிந்தபோது எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பலர் நினைப்பதுபோல அது "வெறும் சைக்கிள்" அல்ல. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டர் துணையுள்ள சைக்கிள் என்று ஒரு வகை உண்டு. அதற்குள் வர வேண்டுமானால் பெடல் எந்நேரமும் இயங்க வேண்டும். எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது. இயந்திரம் 50 சிசிக்கு மேற்படக்கூடாது. கையாலோ காலாலோ இயக்கும் கிளச்சும் கியர்பெட்டியும் இருக்கக்கூடாது. சமதரையில் 50 கிமீ வேகத்தைத் தாண்டக்கூடாது. அப்போதும் சாரதி அனுமதிப்பத்திரம், இலக்கத்தகடு, காப்புறுதி மூன்றும் வேண்டும். இணையத்தில் "80 சிசி" என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 66 சிசி இயந்திரம், கூடவே கைக்கிளச். ஆகவே அது அந்த வகைக்குள்ளும் வராது, இலக்கத்தகடு எடுக்கவும் வழியில்லை. வீதியில் அது காப்புறுதி இல்லாத மோட்டர் வாகனம். காப்புறுதி இன்றி ஓட்டியதற்கு முதல் தடவையே குறைந்தபட்சத் தண்டம் 5,000 டொலர், கூடியது 25,000. அந்தத் தம்பி ஒரு விநியோகத்துக்கு உழைக்கும் காசை வைத்து நாங்கள் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை.

மின் மோட்டருக்குக் கதை வேறு. 2009 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவில் மின்சைக்கிளைச் சைக்கிளாகவே கொள்கிறார்கள். அனுமதிப்பத்திரம், இலக்கத்தகடு, காப்புறுதி எதுவும் தேவையில்லை. ஓட்டுபவருக்கு 16 வயதாகியிருக்க வேண்டும், தலைக்கவசம் கட்டாயம். மோட்டரின் வலு 500 வாட்டுக்கு மேற்படக்கூடாது. 32 கிமீ வேகத்துக்கு மேல் மோட்டர் உதவக்கூடாது. பற்றரியோடு சேர்த்து மொத்த எடை 120 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 30 கிமீ வேகத்தில் பிறேக் பிடித்தால் 9 மீற்றருக்குள் நிற்க வேண்டும். பெடல் வேலை செய்ய வேண்டும். பெடலைக் கழற்றிவிட்டால் சலுகை எல்லாம் போய்விடும். சாதாரண சைக்கிளை இப்படி மாற்றுவதற்கும் தடையில்லை, இந்த அளவுகளுக்குள் நின்றால் போதும். ரொறன்ரோவில் இன்னொன்று: 40 கிலோவுக்குக் குறைவாகவும் பெடல் மிதித்தால் மட்டும் ஓடுவதாகவும் இருந்தால்தான் பூங்காப் பாதைகளில் விடுவார்கள். கட்டும்போதே இதை மனதில் வைத்தால் பிள்ளைகளோடு ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போகலாம்.

இனி வேலை. சைக்கிளை வாங்கும்போது முன்கவையைக் காந்தம் வைத்துப் பாருங்கள். உருக்காக இருந்தால் நல்லது. முன்சக்கரத்தின் நடுவில் மோட்டர் உள்ள சக்கரத்தைப் பூட்டுவதுதான் இலகுவான முறை, ஆனால் மோட்டர் முன்னுக்கு இழுக்கும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அலுமினியக் கவையில் அச்சு இருக்கும் வெட்டு விரிந்தோ உடைந்தோ சக்கரம் கழன்றுவிடக்கூடும். ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். எங்கள் முதல் சைக்கிளில் அச்சு திரும்பி வயர் அறுந்தது நல்லகாலம் கராஜ் வாசலிலேயே நடந்தது. அன்றிலிருந்து உருக்குக் கவையாக இருந்தாலும் அச்சைத் திரும்பவிடாமல் பிடிக்கும் தகட்டை, கடையில் ரோர்க் ஆர்ம் என்று கேட்டால் தருவார்கள், இருபக்கமும் பூட்டாமல் எவரையும் ஓடவிடுவதில்லை. பின்சக்கர மோட்டருக்கும் இது பொருந்தும்.

பிறேக்கில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மோட்டரும் பற்றரியும் சேர்ந்தால் பத்துக் கிலோவரை ஏறும், பழைய றிம் பிறேக் கட்டைகள் மழையில் வழுக்கும். பிறேக் கைபிடியைத் தொட்டதும் மோட்டருக்கு மின்சாரம் நிற்கும் சுவிச்சும் கட்டாயம் வேண்டும்.

பற்றரிதான் பெரிய விடயம். 48 வோல்ட், 13 அம்பியர்-மணி என்றால் பெருக்கி வருவது 624 வாட்-மணி. பெடலும் மிதித்துக்கொண்டு போனால் ஒரு கிலோமீற்றருக்கு 12 முதல் 15 வாட்-மணி போகும், ஆகவே நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். இரவில் சார்ஜ் ஏற்றினால் மின்செலவு இருபது சதத்தைத் தாண்டாது. இந்தக் கணக்கு எங்களுக்குப் பிடித்த கணக்கு. பிடிக்காத கணக்கு பற்றரியின் விலை: முழுச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. அதனால்தான் பலர் பழைய மடிக்கணினிக் கலங்களைக் கழற்றிச் சொந்தமாகக் கட்டப் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். யுஎல் 2271 தரச்சான்று உள்ள பற்றரியை, அதற்கென்றே வந்த சார்ஜரோடு வாங்குங்கள். 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் ஒரு மின்சைக்கிள் தீப்பற்றியது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை லித்தியம் பற்றரி உள்ள சைக்கிள்களை ரீரீசியில் கொண்டுபோகத் தடை வந்தது. குளிரில் பாவிப்பதைவிடக் குளிரில் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. பூச்சியத்துக்குக் கீழ் ஏற்றினால் கலத்துக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து பின்னர் உட்குறுக்குச் சுற்று ஏற்படலாம். வெளியே நின்ற சைக்கிளென்றால் பற்றரியை உள்ளே எடுத்து, சூடேறியபின் ஏற்றுங்கள். வெளியேறும் கதவருகே வைத்து ஏற்ற வேண்டாம். தீப்பிடித்தால் போக வழியிருக்காது. அடித்தள அறைகளில் வாடகைக்கு இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிளுக்கு இயந்திரம் பூட்டும் ஆசை புதியதல்ல. 1946இல் யப்பானின் ஹமமட்சுவில் சோய்சிரோ ஹொண்டா, இராணுவம் கழித்துவிட்ட வானொலிக் கருவிகளின் மின்பிறப்பாக்கி இயந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டித்தான் தொடங்கினார். பெற்றோல் தட்டுப்பாட்டால் ரேர்பன்ரைன் கலந்து ஓட்டினார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு ஊர்தான் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் சாவகச்சேரிப் பக்கம் நகர்ந்தபோது அரிசி மூட்டையையும் அம்மாவையும் சுமந்தது அதே சைக்கிள்தான். மோட்டர் இல்லாமலே.

அந்தத் தம்பியின் பெற்றோல் இயந்திரத்தை எல்லோரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை கழற்றினோம். போட்டிக்கென்று சேர்த்த காசில் 500 வாட் பின்சக்கர மோட்டரும் தரச்சான்றுள்ள பற்றரியும் வாங்கினோம்; மாதம் மாதம் கொஞ்சமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார், தந்துகொண்டிருக்கிறார். அந்த ஆண்டுப் போட்டியில் முதலாவதாக வந்தது அவருடைய சைக்கிள்: 58 கிலோமீற்றர். அவர் எங்களைவிட இருபத்தைந்து வயது இளையவர், பெடலும் நன்றாக மிதித்தார் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். வயதுக்கு ஏற்றபடி கழிவு கொடுக்கலாமா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.