திரைக்கதைக்குக் கூலி: சேலம் ஸ்டூடியோ முதல் ஓடிடி வரை

ஓடிடி வந்தபிறகு எழுதத் தெரிந்த எவரும் சினிமாவில் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை, கோடம்பாக்கத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையும் எட்டியிருக்கிறது. சிப்காட் ஆலையொன்றில் ஷிப்டு பார்த்துக்கொண்டே கதை எழுதும் டிப்ளமோ இளைஞருக்கு இது வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வியாகவே வந்து நிற்கிறது. அதற்கு விடை சொல்லத் தமிழ்த் திரை எழுத்தின் வரலாறு உதவும். அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எழுத்தாளரின் பிழைப்பை ஊடகத்தின் புதுமை முடிவு செய்ததில்லை. இயக்குநர் அல்லாத ஒருவருக்கு, எழுத்துக்கென்றே தனியாக, படப்பிடிப்புக்கு முன்பே பணம் கொடுக்க ஒரு முதலாளிக்குத் தேவை இருந்ததா என்பதுதான் ஒவ்வொரு காலத்திலும் அதை முடிவு செய்தது.

இதற்கான முதல் சான்று இந்த வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்தும், தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும் பிரிந்தவை. ஆகவே ஸ்டூடியோக்கள் கோலோச்சிய காலத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துத் தாலுகாக்கள். அந்த மாவட்டத் தலைநகரில், ஏற்காடு மலையடிவாரத்தில், டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மு. கருணாநிதி அங்கே மாதச் சம்பளத்துக்கு எழுதினார். தம் நாடகத்தையே திரைக்கு ஏற்ப மாற்றி ‘மந்திரி குமாரி’க்கு (1950) வசனம் தந்தார். பாரதிதாசன் ‘வளையாபதி’க்கு (1952) எழுதினார். நிறுவனம் நடத்திய ‘சண்டமாருதம்’ இதழில் கண்ணதாசன் பணியாற்றினார். இத்தனை பேரைச் சேலத்துக்கு வரவழைத்ததற்குக் காரணம் இலக்கியப் பற்று மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தளம், லேப், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் என்று எல்லாவற்றையும் சொந்தமாக வைத்திருந்த முதலாளிக்கு, அசெம்ப்ளி லைன் நின்றால் ஆலைக்கு நட்டம் ஆவதைப் போல, தளம் சும்மா கிடந்தால் நட்டம். ஒரு படம் முடியும்போது அடுத்த படத்தின் எழுத்துப் பிரதி மேசையில் இருந்தாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் எழுத்தாளரின் மாதச் சம்பளம்.

சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இதையே ‘கதை இலாகா’ என்ற தனிப் பிரிவாக வைத்திருந்தது. கொத்தமங்கலம் சுப்பு முதலியோர் கூடி எழுதிய அந்த இலாகாவின் பெயரில்தான் ‘சந்திரலேகா’வின் (1948) கதை வெளிவந்தது. இன்று ‘ரைட்டர்ஸ் ரூம்’ என்று புதுமையாகப் பேசப்படுவதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்நாடு நடத்திப் பார்த்திருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. இலாகாவில் இருந்தவருக்குச் சம்பளம் நிச்சயம், பெயர் நிச்சயமில்லை. படைப்பின் உரிமை முழுவதும் முதலாளியிடம் இருந்தது. ‘பராசக்தி’ (1952) போன்ற படங்களின் வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் விற்றபோது, எழுத்துக்குத் திரையரங்குக்கு வெளியேயும் விலை உண்டு என்பது நிரூபணமானது. அந்த விலையில் எழுதியவருக்கு ஒரு பங்கு என்ற பேச்சு சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன.

ஸ்டூடியோக்கள் தளர்ந்ததும் சம்பளமும் போயிற்று. ‘16 வயதினிலே’ (1977) கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதைத் தமிழ் சினிமாவின் விடுதலையாகக் கொண்டாடுகிறோம். அது உண்மையும்கூட. ஆனால் தளத்தோடு சேர்ந்து தளத்தின் சம்பளப் பட்டியலும் மறைந்தது. கலைமணி, ஆர். செல்வராஜ் போன்று எழுத்தாளராகவே அறியப்பட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆயினும் பாக்யராஜின் வெற்றிக்குப் பிறகு ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று ஒரே பெயர் டைட்டிலில் வருவதே இளைஞர்களின் இலட்சியமானது. எழுதுவது தனித் தொழில் என்ற நிலை மாறி, இயக்குநராகும் வழியில் ஒரு படியாகிவிட்டது. லாட்ஜ் அறையில் உதவி இயக்குநர்கள் சூழ நடக்கும் ‘டிஸ்கஷன்’தான் எழுத்துக்கூடம், பேட்டாவும் சாப்பாடும்தான் கூலி. அங்கே யார் எந்தக் காட்சியைச் சொன்னார் என்பதற்குப் பதிவே இருக்காது. அரசின் தரமணி திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் இயக்கமும் திரைக்கதையும் இன்றுவரை ஒரே பட்டப்படிப்பாகவே இருக்கின்றன.

இந்த நிலையை முதலில் உடைத்தது ஓடிடி அல்ல, தொலைக்காட்சி. 1993இல் சன் டிவி வந்தபின், தினமும் அரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டிய நெடுந்தொடர்கள் திரைக்கதைக்கு ஒருவர், வசனத்துக்கு ஒருவர் என்று பிரித்து எபிசோடு கணக்கில் பணம் கொடுத்தன. தளம் சும்மா கிடக்கக் கூடாது என்ற பழைய சேலத்துத் தேவையே இங்கு மறுபடி உயிர்பெற்றது. சிறுகதை எழுதிக்கொண்டிருந்த பாஸ்கர் சக்தி ‘மெட்டி ஒலி’க்கு வசனம் எழுதி, பிறகு ‘எம் மகன்’ (2006) வழியாகச் சினிமாவுக்கு வந்தார். சீரியல் எழுத்தை ஏளனம் செய்பவர்கள், எழுதிய கைக்கு முறையாகக் கூலி கொடுத்த இடம் பல ஆண்டுகளுக்கு அது ஒன்றுதான் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஓடிடியை இந்த வரிசையில் வைத்தே மதிப்பிட வேண்டும். நெட்பிளிக்ஸும் அமேசான் பிரைமும் 2016இல் இந்தியாவுக்கு வந்தன. ஊரடங்கின்போது, 2020 மே 29 அன்று, ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கைத் தொடாமல் நேரடியாக வெளியானது. இங்கே இரண்டு வணிகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடுத்து முடித்த படத்தை ஓடிடி தளம் வாங்குவது ஒன்று. அதில் தயாரிப்பாளருக்கு வருவாய் கூடுமே தவிர, எழுத்தாளருக்கு ஏற்கெனவே பேசிய தொகைதான். தளமே முன்பணம் போட்டு எடுக்கும் தொடர் மற்றொன்று. எழுத்தாளரின் நிலையை மாற்றக்கூடியது இதுதான். 2022இல் வந்த ‘சுழல்’ அதற்குத் தெளிவான உதாரணம். புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். எட்டு எபிசோடுக்குத் தேவைப்படும் கதை ஒரு படத்தைப் போல இருமடங்குக்கு மேல். அத்தனையும் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் இருந்தால்தான் தளம் பச்சைக்கொடி காட்டும். டிஸ்கஷனில் வாயால் சொல்லி ஒப்பேற்ற முடியாது. அந்தத் தொடரின் களமும் கவனத்துக்குரியது. சிமெண்ட் ஆலை, தொழிற்சங்கம், மயானக் கொள்ளைத் திருவிழா மூன்றும் ஒரு கற்பனைச் சிற்றூரில் மோதிக்கொள்கின்றன. காவேரிப்பட்டினத்து மயானக் கொள்ளையையும் சிப்காட்டின் ஆலை வாசலையும் ஒருசேரப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியக் களமே இல்லை. ஆனால் ‘விலங்கு’ (2022) போன்ற தொடர்களில் இயக்குநரே எழுத்தாளர் என்ற பழைய வழக்கம் தொடர்வதையும் மறைக்கக் கூடாது. பிரிவினை தொடங்கியிருக்கிறது, நிலைபெறவில்லை.

எல்லை வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிச் சாதகம் உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஓசூர்க் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பேச்சுக்குள் கலந்து வரும். இந்த வாய்வழக்கு இன்று விலைபோகும் திறமை. கன்னடத்தில் டப்பிங்குக்கு நீண்டகாலம் இருந்த தடையைத் தகர்க்கும் வகையில் இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் உத்தரவிட்டது. ஓடிடி தளங்களோ தென்னிந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் வெளியிடுவதை வழக்கமாக்கிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுத ஆள் வேண்டும். அது வெறும் மொழிபெயர்ப்பு வேலை அன்று. கன்னட நடிகரின் உதடு ‘ப’, ‘ம’ போன்ற எழுத்தில் மூடும் இடத்தில் தமிழ் வரியிலும் உதடு மூடும் எழுத்தே விழ வேண்டும். அவர் பெருமூச்சு விடும் இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும். அதற்குள் அர்த்தமும் கெடக் கூடாது, மாண்டியாக்காரரின் கிண்டல் தமிழில் செத்துப்போகவும் கூடாது. அகராதி இதற்கு உதவாது, காது உதவும். அந்தக் காது பாகலூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் பிறந்தவர்களுக்கு இயல்பாகவே வாய்க்கிறது. புகழ் குறைந்த வேலைதான், ஆயினும் உரையாடலின் நீளத்தையும் தாளத்தையும் கற்றுக்கொடுக்கும் வேலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கதை நன்றாக இருந்தால் ஓடிடி எந்த ஊர்க்காரரையும் ஏற்கும். பரிந்துரையும் கோடம்பாக்க வாடகை அறையும் இனித் தேவையில்லை என்பார்கள். நடைமுறை அப்படி இல்லை. தபாலிலோ மின்னஞ்சலிலோ முன்பின் தெரியாதவர் அனுப்பும் கதையைப் பெரிய தளங்கள் வாங்கிப் படிப்பதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் வழியாகவே கதை உள்ளே போகிறது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றோர் குறும்படத்தில் தொடங்கி ‘நாளைய இயக்குநர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டி மூலம் வந்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தக் கதவு உண்மையிலேயே திறந்தது, ஆனால் இயக்குநர்களுக்குத் திறந்தது. தவிர, வாங்குவோரின் எண்ணிக்கையும் சுருங்கி வருகிறது. டிஸ்னி ஸ்டாரும் வயாகாம்18உம் 2024 நவம்பரில் இணைந்து, 2025 பிப்ரவரியில் இரண்டின் தளங்களும் ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒன்றாயின. இரண்டு கடைகள் இருந்த இடத்தில் ஒன்று இருந்தால் பேரம் யாருக்குச் சாதகம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே திறமையைவிட ஒப்பந்தமே இன்று எழுத்தாளரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விரித்து எழுதிய வடிவத்துக்கே உண்டு என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஒரு வரிக் கதையை வாயால் சொல்லிவிட்டு வருபவருக்குச் சட்டத்தின் துணை இல்லை என்பதே இதன் பொருள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்வதன் பயன் 2018இல் ‘சர்கார்’ விவகாரத்தில் தெரிந்தது. வருண் ராஜேந்திரன் முன்பே பதிவு செய்திருந்த கதையைச் சங்கம் ஒப்பிட்டுப் பார்த்தது. படத்தில் அவர் பெயரைக் குறிப்பிடும் உடன்பாட்டோடு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. 2012இன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரையரங்குக்கு வெளியே படைப்பு பயன்படும்போது எழுத்தாளருக்குச் சேர வேண்டிய ராயல்டியை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பாடலாசிரியர்களுக்கு அதை வசூலித்துத் தரும் அமைப்பு வலுவாக வேரூன்றியிருக்கிறது; திரைக்கதைக்கு அந்த வலு இன்னும் வரவில்லை. இப்படியெல்லாம் கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது, தனி ஆளாகக் கேட்டால் போகத்தான் செய்யும். ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023இல் 148 நாள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்துதான் ஓடிடி பார்வையாளர் எண்ணிக்கைக்கேற்ற கூடுதல் தொகையைப் பெற்றார்கள். தொழிற்சங்கத்தின் பயன் என்ன என்று ஓசூர்த் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வேலையை விடுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். முழுநேரம் இறங்காதவர் எழுத்தாளராக முடியாது என்ற வாதத்துக்கு வரலாற்றில் சான்று பலமாக இல்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்துகொண்டே திரைக்கும் எழுதினார். ‘ரோஜா’வின் (1992) வசனம் அவருடையது. தருமபுரியில் தொலைபேசித் துறை ஊழியராக இருந்த ஜெயமோகன் பிறகு ‘நான் கடவுள்’, ‘அங்காடித் தெரு’ படங்களுக்கு எழுதினார். இருவருக்கும் இலக்கியத்தில் பெயர் இருந்தது, புதியவருக்கு அது இல்லை என்பது சரிதான். ஆனால் அந்தப் பெயரை அவர்கள் சம்பாதித்ததும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான். ஆதவன் தீட்சண்யாவும் பா. வெங்கடேசனும் வாழும் ஓசூரில் எழுத்துச் சூழலுக்கும் பஞ்சமில்லை. குறை பயிற்சியில் இருக்கிறது. தரமணி நிறுவனம் திரைக்கதையை இயக்கத்திலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக்கி, ஓசூரில் மூன்று ஷிப்டுக்காரர்களும் வந்து படிக்கும்படி வார இறுதி வகுப்பாக நடத்த வேண்டும். டப்பிங் வசனமும் ஒப்பந்தச் சட்டமும் அதில் கட்டாயப் பாடமாக இருக்கட்டும். அதுவரை இந்த வட்டாரத்து இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது: எழுதியதைப் பதிவு செய்யுங்கள், கையெழுத்தான ஒப்பந்தமும் முன்பணமும் வருமுன் ஆலை வேலையை விடாதீர்கள்.