காந்தள்: நஞ்சும் மருந்தும்

மழைக்காலந்தோறும் பாலக்காடு, இடுக்கி எல்லை மலைச்சாரல்களில் செங்காந்தட் கொடி வேலியேறிப் பூப்பதை நாம் காண்கிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலாவது இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

கிழங்கின் வளைந்த வடிவு கண்டு நம் முன்னோர் இதனைக் கலப்பைக்கிழங்கு என்றனர். ‘லாங்கலி’ என்னும் வடமொழிப் பெயரும் கலப்பையையே சுட்டும். மலையாளத்தார் மேந்தோன்னி என்பர். கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் அப்பெயராலேயே இதனைச் சேர்த்தார். அந்நூலுக்கு மூலிகையறிவை வழங்கியோருள் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் முதன்மையானவர்.

இதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் கொடிய நஞ்சாகும். வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டோர் வாந்தியும் பேதியும் கண்டு மாண்டதுண்டு. அதே கொல்கிசின், மிகச் சிறிய அளவில், கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அதன்பொருட்டே திண்டுக்கல், திருப்பூர் மாவட்ட உழவர் விதைக்காக இதனைப் பயிரிடுகின்றனர்.

பண்டை வைத்தியரோ கிழங்கைக் கோமியத்தில் ஊறவைத்து, நஞ்சைத் தணித்த பின்னரே கையாண்டனர். எனவே, மரபு நமக்கு அளித்த செல்வம் கிழங்கன்று. அதன் அளவும் பக்குவமுமே. பிழைப்புத் தேடி மலையேறிய நம் குடும்பங்களில் அப்பக்குவம் அறிந்தோர் அருகிவிட்டனர். ‘பச்சிலை கெடுதல் செய்யாது’ என்னும் நம்பிக்கை மட்டும் எஞ்சியுள்ளது. அந்நம்பிக்கையே பெருங்கேடு.

ஆதலின், நம் பிள்ளைகளுக்குக் கொடியைக் காட்டி, காந்தள், மேந்தோன்னி என்னும் இரு பெயரையும் சொல்லி வைப்போம். தவறி உண்டவரைக் கைவைத்தியத்தில் நிறுத்தாது, அக்கணமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.