கதவை வரைந்தது யார்?

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

வளரும் நாடுகளை வளர்ப்பது அந்நிய முதலீடா, சொந்த முயற்சியா என்பது தலைப்பு. எதிரணிப் பேராசிரியை அம்மா கேட்டாங்க: "1991இல் தங்கத்தை அடகு வைத்தோமே, வெளிநாட்டுப் பணம் வராமல் எப்படி எழுந்திருப்போம்?" நியாயமான கேள்வி. கடன் வாங்கினால் வட்டி கட்டணும். முதலீடாக வந்தால் லாபமோ நட்டமோ போட்டவன் தலையில். ஒப்புக்கொள்கிறேன். (கைதட்டல்) இருங்க, அதுக்குள்ள கைதட்டாதீங்க! வந்தவனிடம் நாம் என்ன கற்றோம்? அதுதான் என் வழக்கு.

போன தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் இனிப்போடு வந்தான். "கார் தொழிற்சாலையில் வேலை ஐயா." வெளிநாட்டுக் கம்பெனி, பெயர் வேண்டாம். "என்னப்பா வேலை?" "இடது பக்கக் கதவுக்கு நாலு திருகு ஐயா." (சிரிப்பு) "அந்தக் கதவை வரைஞ்சது யாருப்பா?" "அதெல்லாம் அங்கேயிருந்து வந்துடும் ஐயா." அவன் சம்பளத்தில்தான் தங்கை கல்லூரிக்குப் போகிறாள். அதனால் அந்த நாலு திருகைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அன்று எனக்குத் தூக்கமும் வரவில்லை.

தென்கொரியாவைப் பாருங்கள். அதுவும் ஒரு காலத்தில் ஏழை நாடுதான். 1967இல் சுங் ஜூ-யுங் என்பவர் ஹூண்டாய் மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். 1968இல் என்ன செய்தார்கள்? ஃபோர்டு கம்பெனியின் கார்ட்டினா காரை, வந்த பாகங்களை வைத்து உல்சானில் பூட்டிக் கொடுத்தார்கள். அங்கேயும் திருகுதான்! பிறகு கூட்டுத் தொழிற்சாலை போடலாமென்று ஃபோர்டோடு பேச்சு நடந்தது. ஒத்துவரவில்லை, முறிந்தது. கொரிய அரசும் 1970களில், சொந்தமாக ஒரு கார் செய்யுங்கள் என்று கம்பெனிகளை நெருக்கியது. ஹூண்டாய் என்ன செய்தது தெரியுமா? எஞ்சின் நுட்பத்தை ஜப்பானின் மிட்சுபிஷியிடம் வாங்கியது. உருவத்தை இத்தாலியின் ஜுஜாரோவிடம் வரையச் சொன்னது. மேற்பார்க்க ஜார்ஜ் டர்ன்புல் என்ற ஆங்கிலேயரைச் சம்பளத்துக்கு வைத்தது. எல்லாமே இரவல்தான், ஆனால் முதலாளி யார்? கொரியர். அப்படிப் பிறந்த கார் 'போனி'. 1976இலேயே ஈக்வடாருக்கு ஏற்றுமதியானது.

அப்புறம் வேடிக்கையைக் கேளுங்க. ஃபோர்டு நம்ம மறைமலைநகருக்கு வந்தது. ஹூண்டாய் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. வாத்தியாரும் மாணவனும் ஒரே மாவட்டத்தில் கடை போட்டார்கள்! (சிரிப்பு) அன்று அது ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1998இல் சான்ட்ரோ ஓடியது. 2022இல் ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனது. மாணவன் நிலைத்தான்.

நிலைத்தவன் என்ன செய்தான்? 2024 அக்டோபரில் தன் இந்தியக் கம்பெனியில் 17.5 சதவீதப் பங்கை விற்றான். 27,870 கோடி ரூபாய்! அதுவரை இந்தியா கண்டதிலேயே பெரிய பங்கு வெளியீடு. அதில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு இல்லை. அத்தனையும் கொரியத் தாய்க் கம்பெனிக்கு. குற்றம் சொல்லவில்லை. அவன் பங்கு, அவன் விற்றான். எத்தனை ஆயிரம் குடும்பத்துக்குச் சோறு போட்டான், எத்தனை உதிரிபாகப் பட்டறைகளை வளர்த்தான்! ஆனால் 1968இல் திருகு பூட்டிய ஊருக்கு அந்தப் பணம் போகிறதே, நம் ஊர்க் கணக்கில் எப்போது வரும்?

வழி இல்லாமல் இல்லை. சான்ட்ரோ வந்த அதே 1998இல் டாடா, இத்தாலிக்காரர் உதவியோடு இண்டிகாவைக் காட்டியது. குஜராத்தில் சானந்தில் ஃபோர்டு விட்டுப்போன தொழிற்சாலையை 2023இல் யார் வாங்கினது? அதே டாடா! 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு! (கைதட்டல்)

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிஷம் ஐயா. அந்தப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வகுப்புக்குப் போகிறான். கட்டணத்தில் பாதியை நான் கட்டியிருக்கிறேன். என் மனைவிக்கு இது இன்றைக்குத்தான் தெரியும். (பலத்த சிரிப்பு)